அந்த ஏழு பந்துகள் எதற்கு?

வணக்கம் சார்,

டிராகன் பால் என்ற ஜப்பானியக் காமிக்ஸ், அனிமேஷன் தொடர் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் ஒரு பிரியம் தெரிகிறது. சண்டைகள் எனக்கும் பிடிக்கும். உறுத்துவது அந்த ஏழு பந்துகள்தான். ஏழையும் சேர்த்தால் ஒரு டிராகன் வந்து கேட்ட வரம் தரும். யார் செத்தாலும் பந்துகளைச் சேர்த்து எழுப்பிவிடலாம் என்றால் நான் எதற்குப் பதற வேண்டும்? கதாசிரியர் மாட்டிக்கொள்ளும்போது தப்பித்துப் போக வைத்திருக்கும் பின்கதவுதானே அது? முதல் தொடருக்கு அடுத்து வரும் இசட் தொடரில் பாதி நேரம் பந்துகளை யாரும் தேடுவதுகூட இல்லை. பிறகு தலைப்பில் மட்டும் எதற்கு? இன்னொரு கேள்வி: என் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. நேராக இசட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மரணம் லேசாகிவிடுகிறது என்ற குறை, பூ என்ற வில்லன் வரும் கடைசிப் பகுதியைப் பொறுத்தவரை சரிதான். பூமியே வெடித்துச் சிதறுகிறது. ஒரு வரத்தில் பூமி திரும்ப வருகிறது, அடுத்த வரத்தில் மக்கள் திரும்ப வருகிறார்கள். அந்த இடத்தில் யார் இறந்தாலும் எனக்கும் நெஞ்சு பதறவில்லை. ஆனால் அகிரா தொரியாமா 1984 முதல் 1995 வரை 519 அத்தியாயங்களாக வரைந்த கதை அது. அதன் கடைசிப் பகுதியை வைத்து முழுக்கதைக்கும் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். புல்மா என்ற பெண் பந்து தேடும் ரேடாரோடு கிளம்புவது காதலன் வேண்டுமென்று. யம்சாவுக்குப் பெண்களைக் கண்டால் வரும் நடுக்கம் போக வேண்டும். பிலாஃபுக்கு உலகம் முழுவதும் வேண்டும். கதாநாயகன் கோகுவுக்கு எதுவும் வேண்டாம். அவன் கையிலிருக்கும் நாலு நட்சத்திரப் பந்து செத்துப்போன தாத்தாவின் நினைவுப்பொருள், அவ்வளவுதான். அதில் வரம் இருக்கிறது என்பதே அவனுக்குப் புல்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பையன் ஏழு பந்துகளையும் சேர்க்க வேண்டுமென்று முதன்முதலாக முடிவெடுப்பது எப்போது? ஊபா என்ற சிறுவனின் அப்பா போராவைத் தாவ் பாய்பாய் என்ற கூலிக் கொலைகாரன் கொன்றபோது. அதற்குமுன் அறிமுகமே இல்லாத குடும்பம் அது. கடைசிப் பந்து இருக்குமிடத்தை அறிய பாபா என்ற குறிசொல்லும் கிழவியிடம் போனால், அவளுடைய ஐந்து வீரர்களோடு மோத வேண்டியிருக்கிறது. ஐந்தாவதாக முகமூடி போட்டு வருபவர், ஒருநாள் மட்டும் மேலுலகத்திலிருந்து வந்த அவனுடைய தாத்தாவேதான். கோகு கட்டிப்பிடித்து அழுகிறான். பிறகு தாத்தா திரும்பிப் போய்விடுகிறார். வரம் தரும் டிராகன் ஷென்ரான் எழும்போது வரம் போராவுக்குத்தான் போகிறது. வரம் முடிந்து பந்துகள் நாலா திசையிலும் பறக்கப்போகும் நேரத்தில் கோகு எம்பிக் குதித்து நாலு நட்சத்திரப் பந்தை மட்டும் பிடித்துக்கொள்கிறான். இனி ஒரு வருடத்துக்கு அது வெறும் கல். அவனுக்கு அந்தக் கல்தான் வேண்டும்! இந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தத் தொடரைக் கொண்டாடுவேன். எந்த வசனமும் இல்லாமல் ஆளைக் காட்டிவிடுகிறார் தொரியாமா.

சரி, பின்கதவு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கதவு எத்தனை முறை மூடிக்கிடக்கிறது என்று கவனித்தீர்களா? பிக்கலோ டைமாவோ என்ற வில்லனை அழிக்க வரம் கேட்கப்போன சாவ்ட்சு, வாய் திறந்த கையோடு கொல்லப்படுகிறான். டைமாவோ தனக்கு இளமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஷென்ரானையே கொன்றுவிடுகிறான். பிறகு நாப்பா என்ற வில்லனோடு சண்டை நடக்கும்போது, கோகுவின் மகன் கோஹானைக் காப்பாற்ற டைமாவோவின் வாரிசான இன்னொரு பிக்கலோ குறுக்கே பாய்ந்து சாகிறான். அவனும் பந்துகளைப் படைத்த கடவுளும் ஒரே உயிர் என்பதால் பந்துகளும் அந்த நொடியிலேயே போய்விடுகின்றன. அதனால்தான் நமேக் என்ற வேறு கிரகத்துக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே சாகாவரத்துக்காக ஃப்ரீசா ஊர் ஊராகக் கொன்று குவிக்கிறான், கிடைக்கவில்லை. வெஜிட்டாவும் அதே சாகாவரத்தைக் கேட்கச் சொல்லி டென்டே என்ற நமேக் சிறுவனை விரட்டுகிறான். கேட்கப்போகும் நேரத்தில் நமேக் பந்துகளைப் படைத்த முதியவர் இறந்துவிட, அங்குள்ள டிராகன் பொருங்கா மறைந்து பந்துகள் கல்லாகிவிடுகின்றன.

அதே நமேக்கில் ஃப்ரீசா கோகுவின் நண்பன் கிரிலினைக் கொல்கிறான். ஏற்கெனவே ஒருமுறை ஷென்ரானால் உயிர்பெற்றவன் கிரிலின், அந்த டிராகனால் ஒருவரை இரண்டாம் முறை எழுப்ப முடியாது. கோகு சூப்பர் சயான் என்ற பெருஞ்சக்தி வடிவம் எடுக்கும் அந்தக் கோபத்துக்கு முழு எடையும் இந்த விதியால்தான் வருகிறது. பந்துகளே இல்லாத கதையாக இருந்திருந்தால் அது நண்பனைப் பறிகொடுத்த சாதாரணக் கோபமாக முடிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வரம் செல் என்ற வில்லனின் கதை முடிந்தபின் வருகிறது. அதில் இறந்துபோன கோகுவை எழுப்ப ஷென்ரானால் முடியாது, அவனும் ஏற்கெனவே ஒருமுறை எழுந்தவன். நமேக் பந்துகளைக் கொண்டு முயலலாம் என்கிறார்கள். எதிரிகள் என்னைத் தேடித்தான் பூமிக்கு வருகிறார்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று மேலுலகத்திலிருந்தே அவன் மறுத்துவிடுகிறான். மீதியிருக்கும் வரத்தைக் கிரிலின் கேட்கிறான். 17, 18 என்ற இரண்டு ஆண்ட்ராய்டுகளையும் மனிதர்களாக மாற்று என்கிறான். அது ஷென்ரானின் சக்திக்கு அப்பாற்பட்டது. அப்படியானால் அவர்கள் உடம்பிலிருக்கும் குண்டுகளையாவது எடுத்துவிடு என்கிறான். 18-ஐ அவன் விரும்புகிறான், 17 அவளுடைய காதலன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படி நினைத்துக்கொண்டே அவனுக்கும் சேர்த்துக் கேட்கிறான். அவர்கள் இரட்டையர் என்பது அப்புறம்தான் தெரிகிறது. பல வருடம் கழித்து, 2018-ல் முடிந்த ‘டிராகன் பால் சூப்பர்’ தொடரின் கடைசிப் போட்டியில் ஜெயித்து நிற்பவன் அந்த 17-தான். அழிக்கப்பட்ட பிரபஞ்சங்கள் எல்லாம் திரும்ப வேண்டுமென்று அவன் வரம் கேட்கிறான்.

தலைப்பில் எதற்கு என்கிறீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாகின் எழுதிய ‘ஹக்கென்தென்’ என்ற பெரிய ஜப்பானிய நாவலில் எட்டு மணிகள் வருகின்றன. அதையொட்டித்தான் தொரியாமாவுக்குப் பந்துகள் தோன்றின. அதேபோல் ஆகிவிடக்கூடாதென்று ஏழாக்கினார். அந்த மணிகள் சிதறிக்கிடக்கும் எட்டு வீரர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கின்றன. டிராகன் பாலிலும் புல்மா, ஊலாங், யம்சா எல்லோரும் கோகுவுக்குக் கிடைப்பது பந்து தேடப்போன வழியில்தானே? இசட்டில் தேடல் குறைந்தாலும் அந்த ஆட்கள் கூடவே இருக்கிறார்கள்.

தம்பிக்கு இசட்டிலிருந்து வேண்டாம். 1986-ல் தொடங்கிய முதல் தொடர் 153 எபிசோடுகள். ஆரம்பத்தில் சில ஆபாசமான நகைச்சுவைகள் உண்டு, கூட உட்கார்ந்து பாருங்கள். பிக்கலோ டைமாவோவின் கதை முடியும்வரையாவது பார்த்துவிட்டு அப்புறம் இசட்டுக்குப் போகட்டும்.

அன்புடன்.