பேரப்பிள்ளைக்கு ஊர்ப்பெயரா?

கேள்வி: என் மகள் பாஸ்டனில் இருக்கிறாள். மருமகன் அமெரிக்கர். அவருடைய முன்னோர்கள் பஞ்ச காலத்தில் அயர்லாந்தின் கில்ரஷ் என்ற ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களாம். அதனால் பிறக்கப்போகும் பிள்ளைக்கு 'கில்ரஷ்' என்றே பெயர் வைக்கப்போகிறாராம். ஊர்ப்பெயரைப் போய் யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஏன் வைக்க மாட்டார்கள்? பழனி, சிதம்பரம் எல்லாம் என்னவாம்? உங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். அமெரிக்க ஐரிஷ்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஷானன் அயர்லாந்தின் பெரிய ஆறு, கெர்ரி ஒரு மாவட்டம். இரண்டும் அங்கே பெண்களின் பெயர்களாகிவிட்டன.

மருமகனின் ஆசைக்குக் காரணமும் இருக்கிறது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியதும் வந்த பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். கில்ரஷ் வட்டாரத்தின் கதி மிக மோசம். ஆயிரக்கணக்கான குடியானவர்களை வெளியே தள்ளி, திரும்பி வந்துவிடாதபடி வீட்டையும் இடித்துப் போட்டார்கள். 1849 கடைசியில் லண்டன் பத்திரிகை ஒன்று அந்தப் பாழ் வீடுகளைப் படம் வரைந்தே வெளியிட்டது. அப்படிப் பறிபோன ஊர் பிள்ளையின் பெயரிலாவது இருக்கட்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் என்ன தப்பு?

ஆனாலும் 'கில்ரஷ்' வேண்டாம். கில்கென்னி, கில்டேர், கில்லார்னி என்று அயர்லாந்தில் அந்த மாதிரி ஊர்கள் ஏராளம், அங்கே யாருக்கும் உறுத்தாது. பாஸ்டன் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் முதல் இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு படுத்தி எடுத்துவிடுவார்கள்; 'கில்' என்றால் ஆங்கிலத்தில் 'கொல்' என்றல்லவா கேட்கும்!

அயர்லாந்தின் பழைய வழக்கத்தையே மருமகனுக்கு ஞாபகப்படுத்துங்கள். நெல்லையில் நீங்கள் காந்திமதி, நெல்லையப்பன் என்று வைப்பதைப் போல அங்கேயும் ஊரைக் காக்கும் புனிதரின் பெயரை வைப்பார்கள். கார்க் நகரத்தில் ஃபின்பார் என்று வைப்பது அப்படித்தான். கில்ரஷுக்கு எதிரே ஷானன் கழிமுகத்தில் ஸ்காட்டரி என்று ஒரு தீவு. ஆறாம் நூற்றாண்டில் அங்கே மடம் அமைத்த செனன்தான் அந்த வட்டாரத்துப் புனிதர். தீவிலிருந்த பூதத்தை விரட்டியவர் என்று கதை. தீவின் கூழாங்கல் ஒன்று படகில் இருந்தால் ஆபத்து வராது என்பது அந்தக் கரையோரத்து மீனவர்களின் நம்பிக்கை.

அவரிடம் ஒரு குறை உண்டு. தீவில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்று அடம்பிடித்தவர். கன்னெரா என்ற பெண் துறவி வந்து, கிறிஸ்து பெண்களுக்காகவும்தானே வந்தார் என்று மடக்கிய பிறகுதான் இறங்கி வந்தாராம். இந்தக் கதையை உங்கள் மகளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பையன் பிறந்தால் செனன். கூப்பிடும்போது உங்கள் நாக்கும் தடுக்காது. பெண் என்றால் கில்ரஷ் இருக்கும் மாவட்டத்தின் பெயரே இருக்கிறது: கிளேர். அப்புறமும் மருமகன் கில்ரஷை விடமாட்டேன் என்றால், நடுப்பெயராக வைத்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட் அதிகாரியைத் தவிர யாரும் அதைப் படிக்கப் போவதில்லை.