அமெரிக்க கருப்பின கம்போசர் ஸ்காட் ஜாப்ளினை ஏன் ராக்டைம்ங்கற பியானோ இசை பாணிக்கு ராஜான்னு சொல்றாங்க?

முக்கிய காரணம் 1899ல வந்த மேப்பிள் லீஃப் ராக்ங்கற அவரோட பியானோ இசை தாங்க. அப்போ மிசௌரில செடாலியாங்கற ஊர்ல பியானோ வாசிச்சிட்டு இருந்தாரு, அங்க மியூசிக் கடை வச்சிருந்த ஜான் ஸ்டார்க் இதோட நோட்ஸை அச்சடிச்சு வித்தாரு, விக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ஜாப்ளினுக்கு ஒரு சென்ட் ராயல்டி, கருப்பின கம்போசர்களுக்கு பெரும்பாலும் ஒரு தொகைய கையில குடுத்து முடிச்சுவிடுற காலத்துல இது பெரிய விஷயம். இடது கை மார்ச் பேண்டு கணக்கா தாளம் தப்பாம போகும், வலது கை மெலடி அந்த அடிக்கு முன்ன பின்ன தள்ளி விழும், அந்த இழுபறிதான் ராக்டைமே. வேகமா வாசிக்காதீங்கன்னு ஜாப்ளினே நோட்ஸ்ல போட்டிருக்காரு, யூட்யூப்ல யாரும் கேக்கறதா தெரியல! 1911ல ட்ரீமோனிஷான்னு ஒரு ஆபராவை (பாட்டாவே நடக்குற நாடகம்) சொந்தமா வெளியிட்டாரு, அதை முழுசா மேடையில பாக்காமலே 1917ல நியூயார்க்ல இறந்துட்டாரு. புலிட்சர் சிறப்பு விருது குடுத்தது 1976ல.