டர்பனில் டிசம்பர் விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

டர்பனுக்கு வந்து இது முதல் டிசம்பர், மூன்று வாரம் குடும்பத்தோடு சென்னைக்குப் போகிறோம், திருட்டுப் பயம்தான் பெரிதாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான், அதற்கும் வருகிறேன். ஆனால் முதலில் தண்ணீர். ஊரிலிருந்து வந்தவர்கள் பலருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை.

நம் ஊரில் கீசர் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும். இங்கே பெரும்பாலான வீடுகளில் அது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே படுத்திருக்கும் தொட்டி, சாதாரணமாக 150 லிட்டர். நாள் முழுக்கச் சூடாக இருக்கும், மெயின் குழாயின் அழுத்தமும் எப்போதும் அதன்மேல் இருக்கும். உள்ளே துருப்பிடித்து ஒருநாள் வெடித்தால் அந்த 150 லிட்டரோடு நிற்காது, யாராவது மெயின் வால்வை மூடும்வரை தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் ஆள் இருந்தால் சீலிங்கில் ஈரம் தெரிந்ததும் ஓடிப்போய் மூடிவிடலாம். ஆளில்லாத வீட்டில் சீலிங் பலகை கீழே விழுந்து, கட்டில், அலமாரி, பீரோவில் வைத்த பட்டுப்புடவை வரை எல்லாம் ஊறிக் கிடக்கும். அலாரம் இதற்கெல்லாம் அடிக்காது.

அதனால் கிளம்பும் அன்று எல்லோரும் குளித்து முடித்ததும் முதலில் மின் பலகையில் கீசர் சுவிட்சை அணையுங்கள். பிறகு வீட்டுக்கு வரும் மெயின் தண்ணீர் வால்வை மூடுங்கள், சில வீடுகளில் இது மீட்டர் பக்கத்தில் தரையில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும், பிளாட் என்றால் சமையலறைத் தொட்டிக்கு அடியிலோ வெளிச்சுவரிலோ தேடிப் பாருங்கள். வரிசை முக்கியம்: மின்சாரம் முதலில், தண்ணீர் பிறகு. திரும்பி வந்ததும் நேர் எதிர். வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டு, காற்றெல்லாம் வெளியேறி தண்ணீர் சீராக வந்த பிறகுதான் கீசரைப் போட வேண்டும். நீர் நிரம்பாத தொட்டியில் கீசரைப் போட்டால் உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பி கருகிவிடும். அந்த வால்வு பல வருடம் தொடாமல் இறுகிப்போய் இருக்கலாம், ஆகவே கிளம்பும் அன்று காலையில் அதோடு மல்லுக்கட்டாமல் ஒரு வாரம் முன்பே திருப்பிப் பாருங்கள், திரும்பவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட நேரம் இருக்கும் (டிசம்பர் பாதிக்கு மேல் இங்கே கட்டட வேலைக்காரர்கள் எல்லாம் லீவில் போய்விடுவார்கள், பிளம்பர் கிடைப்பதும் கஷ்டம்).

கரண்ட் விஷயம். உங்களுடையது பிரீபெய்ட் மீட்டர் என்றால், ஃப்ரிட்ஜை ஓடவிட்டுப் போவதாக இருந்தால் மூன்று வாரத்துக்குத் தாங்கும் அளவு யூனிட் போட்டுவிடுங்கள். யூனிட் தீர்ந்தால் ஃப்ரிட்ஜ் மட்டும் அல்ல, அலாரமும் கேட் மோட்டாரும் பேட்டரியில்தான் ஓடும், அந்த பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதன் வயதைப் பொறுத்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) பெருமளவு குறைந்துவிட்டது, ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று தெருவே இருட்டாகும் நாட்கள் இன்னும் உண்டு. என்னைக் கேட்டால் ஃப்ரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டுப் போவது நல்லது. டிவி, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், டிசம்பர் இங்கே கோடைக்காலம், இடி மின்னல் அதிகம், போன கரண்ட் திரும்பி வரும்போதும் சாமான் போகும்.

இனி திருட்டு. பாதுகாப்பு கம்பெனிக்குப் போகும் தேதியையும் வரும் தேதியையும் சொல்லுங்கள், அலாரம் அடித்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று உள்ளூரில் இருக்கும் ஒருவருடைய நம்பரைக் கொடுங்கள், சென்னை நம்பரை மட்டும் கொடுத்தால் பாதி ராத்திரியில் சாவியோடு வந்து கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள்? இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தரம் எடுத்துப் படியுங்கள். வீடு தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்குப் பணம் இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும், அலாரம் போடாமல் போயிருந்தால் கிளெய்ம் கிடையாது என்றும் இருக்கும். டிசம்பர் மழையில் புல் வேகமாக வளரும், வாசலில் முழங்கால் உயரப் புல்லே ஆளில்லை என்று சொல்லிக் கொடுத்துவிடும், வெட்ட ஆள் சொல்லி வையுங்கள்.

கேமராவுக்குச் செலவு செய்வதற்கு முன் பக்கத்து வீட்டாரோடு பேசிப் பழகுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவிடம்தான் எங்கள் சாவி இருக்கும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றுவார், தபால் பெட்டியைக் காலி செய்வார், ஜன்னல் திரையை மாற்றி மாற்றி இழுத்து விடுவார். திரும்பி வரும்போது சென்னையிலிருந்து அவருக்கு நல்ல குங்குமமும் விபூதியும் வாங்கி வருவோம், அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மெயினை மூடினால் செடிக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள்: மூடி போட்ட டிரம்மில் நிரப்பி வைக்கலாம், திறந்து வைத்தால் கொசு.

ஜன்னல் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது, கம்பி இருந்தாலும். இங்குள்ள சின்னக் குரங்குகள் கம்பிக்கு நடுவே புகுந்துவிடும், மேஜையில் ஒரு மாம்பழமோ வாழைப்பழமோ தெரிந்தால் போதும். கடைசிக் குப்பைப் பையையும் எடுக்க வரும் நாளுக்கு முன்னால் வெளியே வைக்காதீர்கள், கிழித்துத் தெரு முழுக்க இறைத்துவிடும். சாமி அறையில் காமாட்சி விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவது நம் எல்லோர் வீட்டிலும் வழக்கம்தான், மலையேற்றிவிட்டே வாசலைத் தாண்டுங்கள்.

காகிதங்களில் ஒன்றிரண்டு. பிள்ளைகள் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள், அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும்தான் கூடப் போகிறார் என்றால், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் மற்றவருடைய சம்மதக் கடிதமும் தேவைப்படும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் போட்டு அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பி இங்கே நுழைவது சிரமம், ஊசி குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் அந்த மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், டிசம்பரில் அவரும் ஊரில் இருக்க மாட்டார்.