மீண்டவர்கள் மனு எழுதும்போது: வாசகர் கேள்வி பதில்

குடிநோயிலிருந்து மீண்டவர்கள் ஊர்ப் பிரச்சினைக்கும் குரல் கொடுக்க முன்வருகிறார்கள் என்பதை வேலூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் காட்டுகின்றன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையிருக்கும் அமைப்பு) கூட்டத்துக்குத் தவறாமல் போகிறோம். எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருக்கும் டாஸ்மாக் கடையை இடம் மாற்றக் கேட்டு மனு கொடுக்கப்போகிறோம். ஏ.ஏ. பெயரைப் போடலாமா? (வாசகர், குடியாத்தம்)

போடக் கூடாது. வெளி விவகாரம் எதிலும் கருத்துச் சொல்வதில்லை என்பது, ஏ.ஏ. தனக்கென்று வகுத்துக்கொண்ட மரபுகளில் பத்தாவது. மதுவிலக்கு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் அந்த அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார முடிவது இந்த மரபால்தான். பத்திரிகை, வானொலி முன் தனி அடையாளத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது பதினோராவது மரபு. இரண்டையும் மீறினால் நாளை புதிதாக வரவேண்டியவர் வாசலிலேயே தயங்கி நின்றுவிடுவார்.

ஆனால் நீங்கள் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். அந்தத் தகுதியே போதும். தனி நபர்களாகவோ, 'தெரு மக்கள்' என்றோ கையெழுத்திடுங்கள். நிலையான அமைப்பு வேண்டும் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து பதியலாம். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் இல்லாவிட்டால் பதியாமல் இருப்பதே மேல்.

'நான் குடித்து மீண்டவன்' என்று மனுவில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத விரும்புகிறவர் தன்னைப் பற்றி மட்டும் எழுதட்டும். கூட்டத்தில் கூட உட்கார்ந்தவர் பெயரை அவரைக் கேட்காமல் சேர்த்து, அது உள்ளூர் கேபிள் செய்தியில் வந்துவிட்டால், அவருடைய தோல் கம்பெனி வேலைக்கும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் சம்பந்தத்துக்கும் யார் பதில் சொல்வது? படம் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்க நினைப்பவரும் தலையாட்டிவிடுவார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். குடியை விட்டுச் சில மாதமே ஆனவரைக் கடை வாசல் போராட்டத்தில் நிறுத்தாதீர்கள். அந்த வாசனையும் சத்தமும் பழைய தெரிந்த முகங்களும் போதும், ஆசையைக் கிளப்பிவிட. மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, தூரம் அளந்ததைக் குறித்து வைப்பது என்று அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

கேள்வி: கடைக்கும் கோயிலுக்கும் 40 மீட்டர்கூட இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். விதிமீறல் இல்லை என்று பதில் வந்துவிட்டது. எங்கே தவறு? (வாசகர், ஆற்காடு)

பெரும்பாலும் அளந்த விதத்தில்தான். 2003ஆம் ஆண்டு சில்லறை மது விற்பனை விதிகள் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் இது பொருந்தும். ஆனால் கைப்பேசி வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்கும் நேர்த்தூரம் கணக்கில் வராது. கடை வாசலின் நடுப்புள்ளியிலிருந்து, ஆள் வழக்கமாக நடந்து போகும் மிகக் கிட்டிய வழியில், கோயில் அல்லது பள்ளியின் கிட்டிய வாயிலின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். சுற்றுச்சுவர் இருந்தால் சுவரில் உள்ள வாயில். நேர்க்கோட்டில் 40 மீட்டர் வருவது சந்து வழியாகச் சுற்றிப் போனால் 70 ஆகிவிடும்.

30 மீட்டர் டேப் எடுத்து, இரண்டு பேர் பிடித்து, ஒவ்வொரு நீட்டலுக்கும் சுண்ணாம்பால் குறியிட்டுப் படம் எடுங்கள். கடை எண்ணை மனுவில் எழுதுங்கள்.

அளவு சரியாக இருந்தும் மனு நிற்காத இடங்கள் இரண்டு உண்டு. கடை வந்த பிறகு கட்டிய கோயிலைக் காட்டி இடைவெளி கேட்க முடியாது. நகர ஊரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று வகுத்த இடத்துக்கும் இந்த இடைவெளி விதி பொருந்தாது. ஆகவே முதலில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்தக் கடை இந்த இடத்தில் எந்தத் தேதியில் தொடங்கியது? தூரம் அளந்த அறிக்கையின் நகல் தர முடியுமா? 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேள்வி: கிராம சபையில் 'மதுவை ஒழிக்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. (வாசகி, அணைக்கட்டு)

அம்மா, அந்தத் தீர்மானத்தை வாங்கிப் படிக்கும் அதிகாரியால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. மதுவிலக்கு என்பது மாநிலத்தின் கொள்கை முடிவு. வட ஆற்காட்டில் 1939இல் மதுவிலக்கு வந்ததும் பிறகு தமிழ்நாட்டில் தளர்ந்ததும் கோட்டையில் நடந்தவை. உங்கள் ஊர்த் தீர்மானத்தில் கடை எண், தெரு, பள்ளியின் பெயர், அளந்த தூரம், எந்த நேரத்தில் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று இருக்கட்டும். கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்தக் கடையை இடம் மாற்றுங்கள்.

குறைவெண் வரம்பையும், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும் பாருங்கள். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் குறைந்தால் தீர்மானமே செல்லாது என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய கிராம சபை நாள்களில் டாஸ்மாக்கும் விடுமுறை. ஆண்களையும் நிதானத்தோடு கூட்டிவர இதைவிட நல்ல நாள் கிடையாது. தீர்மான நகலை வாங்கி, திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு கொடுத்து, பதிவு எண் கொண்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தீர்மானம் மட்டுமே கடையை மூடிவிடாது. ஆனால் பின்னால் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தச் சீட்டும் நகலும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: மலையடிவாரத்தில் சாராயம் காய்ச்சுகிறார்கள். நாங்களே போய் ஊறலை அழிக்கலாமா? (வாசகர், ஒடுகத்தூர்)

போகாதீர்கள். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் புகார் எண் 10581க்குப் பேசி, இடம், போகும் வழி, நேரம் மூன்றையும் சொல்லுங்கள். பெயர் கேட்டால் சொல்லாமல் இருக்கலாம்.

கேள்வி: மறுவாழ்வு மையம் ஒன்றில் தம்பியைச் சங்கிலியில் கட்டி அடித்திருக்கிறார்கள். குடிகாரனுக்கு அப்படித்தான் என்கிறார்கள். எங்கே புகார் செய்வது? கடையை மூடு என்பதோடு வேறு என்ன கேட்கலாம்? (வாசகி, காட்பாடி)

அப்படித்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்பது பிரிவு 95. பதிவு செய்யாமல் மையம் நடத்தினால் முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். தம்பியை முதலில் அரசு மருத்துவமனையில் காட்டிக் காயங்களைச் சீட்டில் பதிவு செய்யுங்கள், காயம் ஆறிவிட்டால் ஆதாரம் போய்விடும். பிறகு காவல் நிலையத்திலும் மாநில மனநல ஆணையத்திலும் புகார் கொடுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100இல் அழையுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். கடையை மூடு என்பதோடு, குடியை நிறுத்துகிறவருக்குப் பக்கத்திலேயே சிகிச்சை வேண்டும் என்றும் கேளுங்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், நடுக்கம் சேர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. கட்டிப்போட்டுத் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கும் வேலை இல்லை. 108ஐக் கூப்பிட வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையமும் இருக்கின்றன. மலையடிவார ஊரிலிருந்து நடுராத்திரி அங்கே வந்து சேர்வதற்குள் வலிப்பு வந்துவிடலாம். அதனால் உங்கள் மனுவில் இரண்டாவது தாளாக, மாவட்டச் சுகாதார அலுவலருக்கு இதை எழுதுங்கள்: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயமின் ஊசியும், வலிப்பைத் தடுக்கும் டயசிபாம் அல்லது லோரசிபாம் மருந்தும் இன்று எத்தனை இருப்பு? மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதம் எத்தனை நாள், எந்தக் கிழமை வருகிறார்? மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை அதே மேசையில் மறுபடியும் கொடுங்கள்.