சைக்கிளுக்கு வயது ஏற்றலாம்! – கைவேலை கேள்வி பதில்

கேள்வி: பழைய லுமாலா பிரேம் ஒன்றின் பின்பக்கத்தைத் தாழ்த்தி வெல்ட் பண்ணி, புது ஹேண்டில் போட்டிருக்கிறோம். முப்பது வருஷம் மழையில் நின்ற மாதிரி துருப்பிடித்த தோற்றம் வேண்டும். நிஜத் துருவையே வரவழைக்க முடியுமா?
– வாசகர், ஹற்றன்

பதில்: முடியும், ஒரே நாளில். ஆனால் பிரேம் முழுக்க ஒரே செம்மஞ்சளாக வந்தால் பார்த்தவுடனே கள்ளம் பிடிபட்டுவிடும். மருந்து கலக்குமுன் தோட்டத்துப் பழைய தகரக் கூரை ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆணி இறங்கிய துளையைச் சுற்றியும், தகடு தகட்டின்மேல் ஏறும் விளிம்பிலும்தான் முதலில் கறுக்கும். அங்கிருந்து செம்மஞ்சள் கோடு கீழே வழிந்திருக்கும். நடுத்தகடு கடைசிவரை சாம்பலாகவே கிடக்கும். சைக்கிளிலும் அப்படித்தான்: குழாய்கள் சேரும் மூட்டு, பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கம், பின்சில்லு சேறடிக்கும் இடம், போல்ட்டுகளின் கீழ்ப்புறம். காலும் கையும் உரசும் மேற்குழாயில் துரு தங்காது; அங்கே வழவழப்பான கரும்பழுப்புத்தான் இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். பெயின்டை முழுதாகச் சுரண்டி எடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். பிறகு 80 அல்லது 120 இலக்க சேண்ட் பேப்பரால் கீறிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் படிந்த கருநீலத் தோலையும் விடாதீர்கள். அது இருக்கும்வரை அந்த இடத்தில் துரு சரியாகப் பிடிக்காது. பாத்திரம் கழுவும் திரவமும் சுடுநீரும் கொண்டு இரண்டு தடவை கழுவுங்கள். தெளித்த தண்ணீர் முத்து முத்தாக நின்றால் கொழுப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். பெடல் அச்சுக் கூட்டின் புரியையும், ஹேண்டில் கிண்ணம் உட்காரும் இடத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். குழாய் வாய்கள் எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். மருந்து உள்ளே போனால் பிரேம் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே தெரியவும் தெரியாது.

கலவை: 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் 480 மி.லீ., வினாகிரி 60 மி.லீ., உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. பாமசியில் 6% தந்தால் அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வினாகிரி நிறமில்லாததாக இருக்கட்டும். முதலில் வினாகிரியை மட்டும் தெளித்துக் காயவிட்டு, அதன்மேல் கலவையைப் போடுங்கள். வெயிலில் சூடேறிய இரும்பில் சில நிமிடங்களிலேயே நுரைத்துச் சிவக்கும். முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த தடவை. நான்கிலிருந்து ஆறு தடவை போதும். ஸ்ப்ரேயை ஒரே சீராக அடிக்காமல், ஸ்பொஞ்சால் ஒற்றுங்கள், பிரஷ்ஷால் சிதறுங்கள், மூட்டிலிருந்து கீழே வழிய விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேலையை வாசலில் வையுங்கள், காம்பராவுக்குள் வேண்டாம். இந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மிஞ்சிய கலவையைப் போத்தலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். தேவையான அளவு மட்டும் கலந்து, மீதியை நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடுங்கள்.

புதுத் துரு செம்மஞ்சள், பழந்துரு கருமை. கருமை வேண்டிய மூட்டுகளில் கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். சிவந்த துரு கறுப்பு ஒக்சைட்டாக மாறும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும், அந்தச் சூடும் போதும். கால் உரசும் இடங்களை ஸ்டீல் வூலால் தேய்த்து மழுக்குங்கள். பொடியாக உதிர்வதை நைலோன் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கழுவி, சுத்தமான தண்ணீரில் பல தடவை அலசுங்கள். ஒரு முழு நாள் நல்ல வெயிலில் காய்ந்த பிறகு மட் கிளியர் லேக்கர் (பளபளப்பில்லாத, நிறமற்ற பூச்சு) மெல்லிய மூன்று பூச்சு. லேக்கர் பட்டதும் நிறம் ஓரளவு கறுக்கும். துருவை நீரால் நனைத்துப் பார்த்தால் கடைசியில் வரப்போகும் நிறம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கேள்வி: இதே முறையில் செய்து கிளியர் அடித்தோம். மறுநாள் பால்போல் வெளுத்திருந்தது. ஒரு மாதத்தில் லேக்கருக்கு அடியில் சிவப்புக் கொப்புளங்கள் வேறு. ஏன்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. வெளுப்புக்குக் காரணம் மூடுபனி. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் லேக்கருக்குள் படிந்துவிடும். வெயிலான நாளில், காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரை லேசாகத் தூவினால் பெரும்பாலும் தெளியும். ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும், ஹற்றன், நுவரெலியாப் பக்கத்தில் பெப்ரவரி, மார்ச்சிலும் இந்த வேலைக்குத் தோதான காலம்.

கொப்புளத்துக்குக் காரணம் உப்பு. துருவின் துளைகளில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, லேக்கருக்கு அடியிலேயே அரித்துக்கொண்டிருக்கிறது. மேலே இன்னொரு பூச்சு அடிப்பது வீண். அந்த இடங்களை இரும்புவரை தேய்த்து, சுடுநீரால் திரும்பத் திரும்ப அலசிக் காயவைத்து, மறுபடி துருவேற்றுங்கள், இம்முறை உப்பில்லாமல். வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி ஓர் இரவு விடுங்கள். பொலித்தீனால் மூட வேண்டாம், துருவுக்குக் காற்று வேண்டும். மெதுவாகத்தான் வரும், ஆனால் நம் மலைப்பக்கத்து ஈரத்தில் தினமும் ஓட்டப்போகும் வண்டிக்கு இதையே முதலிலிருந்து செய்வது நல்லது.

லேக்கருக்குப் பதில் காய்ச்சிய லின்சீட் எண்ணெயை மெல்லியதாகத் துடைத்தும் விடலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: எத்தனை தடவை வினாகிரி போட்டும் துருவே வரவில்லை.
– வாசகர், தலவாக்கலை

பதில்: காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் அலுமினியம், துருப்பிடிக்காது. குரோம் பூசிய இடத்திலும் குரோம் உரியும்வரை பிடிக்காது. பெயின்டால்தான் காட்ட வேண்டும். அலுமினியத்துக்கு உரிய பிரைமரின்மேல் கரும்பழுப்பு, அதன்மேல் ஸ்பொஞ்சால் செம்பழுப்பு, கடைசியாகக் குழிவான இடங்களில் மட்டும் கொஞ்சம் செம்மஞ்சள். ஈரப் பெயின்டில் கறுவாத்தூளைத் தூவினால் சொரசொரப்பு கிடைக்கும். காய்ந்ததும் மட் கிளியர் அடியுங்கள். பிறகு பெயின்ட் உரிந்த தோற்றம் வேண்டிய இடங்களில் தண்ணீர் தெளித்து, கல்லுப்பைத் தூவிக் காயவிட்டு, சைக்கிளின் மேல் நிறத்தை அடியுங்கள். காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட்டால் அடியிலுள்ள ‘துரு’ எட்டிப் பார்க்கும். உப்பு மிஞ்சாமல் கழுவிவிடுங்கள்.

கேள்வி: செயின், ரிம், ஹேண்டில் எல்லாவற்றுக்கும் துரு ஏற்றலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: வேண்டவே வேண்டாம். துருவேறிய ரிம்மில் பிரேக் கட்டை ஒரே சீராகப் பிடிக்காது. நானுஓயாப் பக்கம் இறங்கும்போது மழையும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. முன் போர்க், ஹேண்டில், பிரேக் கம்பி, ஸ்போக், செயின் எதிலும் அமிலம் படக்கூடாது. போர்க், ஹேண்டில் போன்றவற்றின் தோற்றத்தைப் பெயின்டால் பழசாக்குங்கள். ரிம்மில் பிரேக் கட்டை படும் ஓரத்தையும் செயினையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகனுடைய ‘துரு சைக்கிள்’ அவனுடைய வெள்ளைக் காற்சட்டை முழுக்கக் கறை பண்ணுகிறது. எப்படிப் போக்குவது?
– ஒரு தாய், பதுளை

பதில்: கறைமேல் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள். பிளீச் போடாதீர்கள், துருக்கறை இன்னும் இறுகிவிடும். மகனிடம், மேற்குழாயை ஸ்டீல் வூலால் தேய்த்துப் பொடியை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு பூச்சு கிளியர் அடிக்கச் சொல்லுங்கள். கை வைத்துத் தேய்த்தால் கையில் ஒட்டும் துரு, சீலாகாத துரு.