தகவல் பாதுகாப்புப் பாடத்தில் சேரப்போகிறவர்கள் கேட்டவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிப்ரவரியில் வகுப்பு தொடங்குகிறது. தகவல் பாதுகாப்பும் தனியுரிமையும் என்ற பாடத்தை நான்தான் நடத்துகிறேன். சேர நினைக்கும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வர்த் மாணவி: அக்கா, முதல் வாரமே ஹேக்கிங் சொல்லித் தருவீர்களா?

இல்லைம்மா. முதல் வாரம் கணினியையே திறக்க மாட்டோம். அரசு உனக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண்ணை எடுத்துப் பார்ப்போம். மொத்தம் 13 இலக்கம். முதல் ஆறும் பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த நான்கு 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 அல்லது அதற்கு மேல் என்றால் ஆண். பதினோராவது, நீ குடிமகளா, நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவளா என்று சொல்லும். கடைசி இலக்கம் முன்னால் உள்ள பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எண்ணை எழுதும்போது ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு இடித்துவிடும்.

ஆனால் அந்தக் கணக்கு சரியாக வந்தால் எண் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். சொல்கிறவர் அந்த எண்ணுக்கு உரியவர்தானா என்பது வேறு கேள்வி. எண் தெரிந்தவரை எல்லாம் உரியவர் என்று நம்பிவிடும் இடங்கள் எத்தனை என்று யோசித்துப் பார். பாடத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

அதே மாணவி: அப்போ ஹேக்கிங் வரவே வராதா?

வரும், ஏப்ரல் வாக்கில். வெளி வலையோடு தொடர்பில்லாத ஆய்வகக் கணினிகளில் மட்டும். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "சும்மா பார்த்தேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அப்பா: நாங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு தனியுரிமை எதற்கு?

ஐயா, உங்கள் அப்பா காலத்து அடையாள எண்ணை நினைத்துப் பாருங்கள். இன ஒதுக்கல் ஆட்சியில் அந்த எண்ணுக்குள்ளேயே ஒருவரின் இனமும் குறிக்கப்பட்டிருந்தது. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் போட்டது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் முடிவானது. டர்பனின் காட்டோ மேனரிலிருந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் என்ன தப்பு செய்தன? விவரம் அதேதான் ஐயா. அது யார் கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்றைய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தனியுரிமையை அடிப்படை உரிமையாக வைத்திருப்பதை அந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் நான் நடத்துவேன்.

துறைமுகத்தில் வேலை பார்ப்பவரின் மகன்: பாதுகாப்பு என்றால் ரகசியம் காப்பதுதானே?

அது மூன்றில் ஒரு பங்கு தம்பி. விவரம் வெளியே போகக் கூடாது, யாரும் அதைத் திருத்திவிடக் கூடாது, வேண்டியபோது கிடைக்கவும் வேண்டும். மூன்றாவதை உன் அப்பாவிடம் கேள். 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டபோது டர்பன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கையால் எழுதி நகர்த்த வேண்டியதாயிற்று. கணினி நின்றாலே போதும், லாரிகள் வரிசையில் நின்றுவிடும்.

இன்னொன்று. 2020இல், மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் எக்ஸ்பீரியன் நிறுவனத்திலிருந்து 2 கோடியே 40 லட்சம் பேர் வரையிலான விவரங்கள் வெளியே போயின. யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வாடிக்கையாளர் போல நடித்து ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் மனிதர்கள் ஏமாறும் விதத்துக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருக்கிறேன். செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதும் குறியாக்கத்துக்கும் அவ்வளவே.

டோங்காட் கோயில் குழுச் செயலாளர்: காவடிக்குப் பதிவு செய்கிறவர்களின் பெயர், அடையாள எண், போன் நம்பர், உடம்புக்கு என்ன என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். போப்பியா என்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கும் உண்டா?

உண்டு ஐயா. 2013ஆம் ஆண்டின் சட்டம் அது, 2021 ஜூலை முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. நிறுவனம் பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை. மத நம்பிக்கையும் உடல்நலமும் கூடுதல் கவனம் வேண்டிய விவரங்கள் என்று தனியே வைத்திருக்கிறது.

நோட்டை எப்படிப் பூட்டி வைப்பது என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பத்தியும் எதற்கு என்று முதலில் கேளுங்கள். காவடி எடுக்க அடையாள எண் எதற்கு? தேவையில்லை, அடித்துவிடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் தெரிந்திருக்க வேண்டியது முதலுதவிக்கு நிற்பவருக்கு மட்டும். அவரிடம் ஒரு தாள் இருக்கட்டும், விழா முடிந்ததும் கிழித்துவிடலாம். போன் நம்பர், பதிவு நோட்டை எழுதுகிறவரோடு நிற்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்ட படம் எத்தனை போன்களில் இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. இருப்பதை இன்றே அழிக்கச் சொல்லுங்கள். நாம் வாங்கி வைக்காத விவரத்தை யாராலும் நம்மிடமிருந்து திருட முடியாது. வகுப்பில் மாணவர்கள் போடும் முதல் பயிற்சி இதேதான், உங்கள் நோட்டின் தலைப்புகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

வெருலம் மாணவர்: கணக்கில் நான் சுமார்தான். சேரலாமா?

தாராளமாக. மீதி வைத்து வகுக்கத் தெரிந்தால் போதும், மற்றதை நான் சொல்லித் தருகிறேன்.

ஓர் அம்மா: மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மகனைத் திட்டுகிறேன். சரிதானே?

விட்டுவிடுங்கள் அம்மா. அடிக்கடி மாற்றச் சொன்னால் பிள்ளைகள் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டிப் போடுவார்கள். நீளமாக, இடத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். வெளியே கசிந்ததாகத் தெரிந்தால் அன்றே மாற்றட்டும். வங்கிக்கு எஸ்எம்எஸ் குறியீட்டை விட வங்கிச் செயலி மேல், ஏனென்றால் சிம் ஸ்வாப் செய்கிறவன், அதாவது உங்கள் நம்பரை ஏமாற்றித் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்கிறவன், கைக்கு முதலில் போவது அந்த எஸ்எம்எஸ்தான்.

மவுண்ட் எட்ஜ்கோம் தாத்தா: பேத்தி உங்கள் வகுப்பில் சேர்கிறாள். என் பாட்டனாரின் கப்பல் பதிவை வைத்திருக்கிறேன். அதுவும் தனிப்பட்ட தகவல்தானா?

தாத்தா, இந்தக் கேள்விக்கு நன்றி. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க உதவும் பட்டியல் அது. இன்று அதே பட்டியலை வைத்துத்தான் நம் பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

போப்பியா உயிரோடு இருப்பவர்களின் விவரத்துக்குத்தான் பொருந்தும். அதனால் நீங்கள் யாரிடமும் காட்டலாம். ஆனால் சாதிப் பத்தி இன்று இருக்கிற பேரப்பிள்ளைகளையும் தொடும் விஷயம். அதைக் காட்டுவதா வேண்டாமா என்று குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள். சம்மதம் என்றால் பேத்தியிடம் ஒரு பிரதி கொடுத்து அனுப்புங்கள். முதல் வகுப்பில் அடையாள எண்ணுக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்துப் படிப்போம்.