கணினிக் கேள்வி – பதில்: யூடியூபை மட்டும் பிரித்துப் பிடிக்க முடியுமா?

கேள்வி: ராமேசுவரத்தில் 24 அறை விடுதி. 100 எம்பிபிஎஸ் ஃபைபர், மைக்ரோடிக் ரவுட்டர். இரவு கோயில் நடை சாத்தியதும் எல்லோரும் அறைக்கு வந்து யூடியூப் போடுகிறார்கள். அதிகாலை ரயிலுக்குப் போகிறவர்கள் கணக்கை முடிக்கக் கேட்கும் அதே நேரம் ரிசப்ஷனில் நெட் நகர்வதில்லை. யூடியூபின் ஐபி முகவரிகளைத் தேடி எடுத்து வேகத்தைக் குறைத்தேன். இப்போது ஜிமெயிலும் சேர்ந்து திணறுகிறது.

பதில்: முகவரியை நம்பியதுதான் தப்பு. கூகுளின் பல சேவைகளுக்கு முகவரிகள் பொது. அவை மாறிக்கொண்டும் இருக்கும். போர்ட்டும் (சேவையின் வாசல் எண்) கைகொடுக்காது. வங்கியும் சினிமாவும் 443-இல்தான் போகின்றன.

மிச்சம் இருப்பது தளத்தின் பெயர். இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தபடியே போகும். மைக்ரோடிக்கில் அதைப் பார்ப்பது ‘டிஎல்எஸ்-ஹோஸ்ட்’ என்ற விதி. அங்கே யூடியூப்.காம் என்று போட்டால் பக்கம்தான் சிக்கும். வீடியோ வருவது கூகுள்வீடியோ.காமிலிருந்து. முன்னால் நட்சத்திரக்குறியும் புள்ளியும் சேர்த்து அதைப் போடுங்கள். பெயர் தொடக்கத்தில் போகும் அந்த ஒரு பாக்கெட்டில், அதாவது தரவுத் துண்டில்தான் இருக்கும். ஆகவே மாங்கிளில் (போக்குவரத்துக்குக் குறி போடும் பகுதி) முதலில் இணைப்புக்கே குறியிடும் மார்க்-கனெக்‌ஷன், பிறகு அந்தக் குறியை வைத்து அதன் பாக்கெட்டுகளுக்குக் குறியிடும் மார்க்-பாக்கெட்.

இதுவும் மூன்று இடத்தில் வழுக்கும். யூடியூப் பயன்படுத்தும் க்விக் நெறிமுறை, வழக்கமான டிசிபி முறையில் இல்லாமல் யுடிபி முறையில் 443-இல் ஓடுவதால் டிஎல்எஸ்-ஹோஸ்ட் கண்ணில் படாது. விருந்தினர் பக்கம் யுடிபி 443-ஐ ரிஜெக்ட் செய்தால் பிரவுசர் டிசிபிக்குத் திரும்பிவிடும். முதல் செய்தி இரண்டு பாக்கெட்டாக உடைந்தாலும் பெயர் பிடிபடாது. புதிய குரோமில் அந்தச் செய்தி பெருத்துவிட்டதால் இது அடிக்கடி நடக்கும். பாக்கெட்டைக் குறுக்குவழியில் அனுப்பும் ஃபாஸ்ட்-டிராக் விதி ஓடிக்கொண்டிருந்தால் மாங்கிளும் வேகத்தைப் பங்கிடும் சிம்பிள் க்யூவும் ஒதுங்கிப்போகும், அதை நிறுத்துங்கள்.

எனவே யூடியூபைத் துரத்துவதை விட்டு ரிசப்ஷனைக் காப்பாற்றுங்கள். ரிசப்ஷனுக்கு 192.168.10, விருந்தினருக்கு 192.168.20 என்று தொடங்கும் முகவரிகளோடு இரண்டு விலான் (ஒரே ரவுட்டரில் பிரித்த தனித்தனி வலை). சிம்பிள் க்யூவில் மேல் வரிசைக்கு மேக்ஸ்-லிமிட் (உச்ச வேகம்) 92 எம். அதன் கீழ் ரிசப்ஷனுக்கு லிமிட்-அட் (உறுதியான வேகம்) 20 எம், முன்னுரிமை 1 (இதுதான் உயர்ந்தது). விருந்தினருக்கு முன்னுரிமை 8, வகை பிசிக்யூ. இரண்டுக்கும் மேக்ஸ்-லிமிட் 92-தான். ரிசப்ஷன் சும்மா இருந்தால் அந்த வேகமும் அறைகளுக்கே போகும். பிசிக்யூ இருப்பதை ஆளுக்குச் சமமாகப் பங்கிடும்.

100 இருக்க 92 ஏன்? நெரிசல் உங்கள் ரவுட்டரில் நின்றால்தான் உங்கள் விதி செல்லும். மோடத்தில் போய் நின்றால் செல்லாது. இரவு 9 மணிக்கு லைனை அளந்து பாருங்கள். அப்போது 70-தான் வருகிறதென்றால் 92 வீண், 64 போடுங்கள்.

கேள்வி: கீழக்கரையில் வீடு. மகன் மலேசியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும்போது பேரன் கேம் இறக்கினால் குரல் அறுந்து அறுந்து வருகிறது. வாட்ஸ்அப் அழைப்புக்கு எந்த போர்ட்டைத் திறக்க வேண்டும்?

பதில்: எதையும் திறக்க வேண்டாம். யுடிபி 3478 பயன்படும். ஆனால் இரண்டு போனும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்போது போர்ட் எதுவாகவும் இருக்கலாம். குரலுக்கு அடையாளம் அதன் நடைதான்: சின்னச் சின்ன பாக்கெட், சீரான இடைவெளி. ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டரில் நெரிசலைச் சீராக்கும் எஸ்கியூஎம் நிறுவி, அதில் ‘கேக்’ என்ற வரிசை முறையைத் தேர்ந்து, டவுன்லோட், அப்லோட் இரண்டையும் அளந்த வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். கேம் இறங்கும்போது பிங் (பதில் வர ஆகும் நேரம்) போட்டுப் பாருங்கள். முன்பு 30 மில்லி செகண்ட் 400-க்கு ஏறியிருந்தால், இப்போது 50-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் 90 சதவீதத்தை 85-க்கு இறக்குங்கள்.